பின்னால் போகாத ஜீப்

காஞ்சிபுரத்துக்கு நான் போனது பெருமாளுக்குத் துணி வாங்க. மலேசியாவில் தைப்பிங் பக்கம், எங்கள் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்னப் பெருமாள் கோவில் இருக்கிறது. அதற்குக் குடமுழுக்கு வைத்தார்கள். உற்சவருக்குக் காஞ்சிபுரத்திலேயே நெய்த பட்டுதான் சாத்த வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். போய் வாங்கிவர அவர்களில் ஒருவருக்கும் லீவு இல்லை. தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, வேலை பார்க்கும் எனக்கு மட்டும் லீவு இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜில் பெட்டியை இறக்கியபோது மாலை ஐந்து மணி. மேனேஜர் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "தனியாவா வந்தீங்கம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல நாள்ள வந்தீங்க. பக்கத்துத் தெருவுல உற்சவம் நடந்துக்கினு இருக்குது. ஆறு மணிக்குப் பெருமாள் வருவாரு, பாருங்க" என்றார்.

முகம் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஊரில் இருக்கும் பெரிய கோவில்களில் ஒன்று அல்ல. நாலு தெருவும் ஒரு தேரடியும் உள்ள சின்னக் கோவில். முன்னால் நாதஸ்வரம், பிறகு பிரபந்தம் சொல்லும் கோஷ்டி, நடுவில் பல்லக்கில் பெருமாள், அவருக்குப் பின்னால் வேதம் சொல்லும் கோஷ்டி. இரண்டு பக்கமும் தலையில் ட்யூப் லைட் சுமந்த ஆட்கள். கடைசியில் ஒரு பழைய ஜீப், ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்தில் வந்தது.

நான் பெருமாளைப் பார்த்ததைவிட ஜீப்பைத்தான் அதிகம் பார்த்தேன். பழக்கதோஷம். தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக இதே மாதிரி ஜீப்பை ஓட்டியிருக்கிறேன், அடியில் படுத்தும் பார்த்திருக்கிறேன். அது தெருமுனையில் வலப்பக்கம் திரும்பியபோது 'கிரீச்' என்று ஒரு சத்தம். பல் கூசியது. வேதம் சொன்னவர்களில் ஒருவர் தோளைச் சுருக்கிக்கொண்டார். பேரிங் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை, மிளகும் சுக்கும் போட்டு, நீளமான கூடையில் வேகவைத்து, துண்டு போட்டுக் கொடுக்கிற கோவில் இட்லி. இட்லி என்றால் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும் என்று நம்பியே ஐம்பது வயதை நெருங்கிவிட்டேன். இது கறுப்புப் புள்ளியும் நெய் வாசனையுமாக, கேக் மாதிரி கெட்டியாக இருந்தது. மூன்று துண்டு சாப்பிட்டேன். டீதான் போதவில்லை. எங்கள் ஊரில் பெரிய கிளாஸில் நுரைக்க ஆற்றித் தரும் தே தாரே டீ ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அரசியல் பேசலாம். இங்கே மூன்று வாயில் தம்ளர் காலி.

பட்டு நெய்பவர் தென்னேரியில் இருந்தார். பெயர் ஏழுமலை. தென்னேரிக்குப் போக வண்டி வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். வாசலில் வந்து நின்றது நேற்றுப் பார்த்த அதே ஜீப், டிரெய்லர் இல்லாமல்.

ஓட்டி வந்தவர் வரதன். முசரவாக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். நெற்றியில் திருமண், காதில் செருகிய பீடி. "வண்டி கொஞ்சம் மெதுவாத்தான் போவும் மேடம். ஏரிக்கரை வரிக்கும் பொறுத்துக்குங்க" என்றார்.

கொஞ்சம் மெதுவாக என்றால், வாலாஜாபாத் ரோட்டில் புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள் எங்களை முந்திப் போனது. போனவர் திரும்பிப் பார்த்து, "இன்னா வரதா, தள்ளணுமா?" என்று வேறு கேட்டார்.

"எந்த கியர்ல போற தம்பி?" என்றேன்.

"லோவுல மாட்டிக்கினு இருக்குது மேடம். வெளிய வர்ல."

ஜீப்பில் ஓட்டுகிற கியர் தவிர இரண்டு சின்ன லீவர் இருந்தன. ஒன்றைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். நாலு சக்கர ஓட்டம். இன்னொன்று லோ. அதைப் போட்டால் வண்டி எறும்பு மாதிரி ஊரும், ஆனால் மலையையே இழுக்கும். இந்தப் பழைய மாடலில் நாலு சக்கரத்தைப் போடாமல் லோ விழாது. பெருமாளுக்குப் பின்னால் நடை வேகத்தில் போக லோ வேண்டும், அதற்காக வரதன் தினமும் இரண்டையும் போடுகிறார். புறப்பாடு முடிந்ததும் இரண்டும் வெளியே வர மறுக்கின்றன.

"எத்தனை நாளா இப்படி?"

"உற்சவம் ஆரம்பிச்சதுலேந்து. ஆனா பாருங்க, ஏரிக்கரை மண்ணு ரோட்ல போனா தானா வந்துடும். பெருமாள் புண்ணியம்."

அவர் சொன்னபடியே நடந்தது. தென்னேரிக் கரையில் ஏறி நூறு அடி போயிருப்போம். வரதன் உள்ளங்கையால் லீவரை ஒரு தட்டு தட்டினார். 'டக்' என்று வந்துவிட்டது.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். குலுங்கினால் வருகிறது, குலுங்காவிட்டால் வரவில்லை. அப்படியென்றால் லீவரையும் கியர் பெட்டியையும் இணைக்கிற கம்பி தளர்ந்து போயிருக்கிறது. இது தெரியாதா எனக்கு? "ஸ்பானர் இருக்கா தம்பி?" என்றேன்.

ஏழுமலை வீட்டு வாசலில் சாக்கை விரித்து, சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். அரைத் தெரு கூடிவிட்டது. "அந்தம்மா பாரின்லேந்து இதுக்கா வந்துக்கீறாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. கம்பி தளர்ந்துதான் இருந்தது. நன்றாக இறுக்கினேன். லீவரைப் போட்டுப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. எடுத்தாலும் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

பட்டில் இன்னும் ஒன்றரை முழம் பாக்கி. இரண்டு நாளில் தறியிலிருந்து அறுத்துத் தருவதாக ஏழுமலை சொன்னார். திரும்பும்போது வரதன் அந்தப் புல்லுக்கட்டு சைக்கிளைத் தேடிப்பிடித்து முந்தினார். வாலாஜாபாத்தில் எனக்கு டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்தார். மேடம் அங்கேதான் அக்கா ஆனது.

அன்று மாலை, என் கைவேலையைப் பார்க்கப் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே போய் நின்றேன்.

முதல் முனையில் கிரீச். பழைய சத்தம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாவது முனையில் ஜீப்பின் முன்பக்கம் குதித்தது. மூன்றாவது முனையில் டயர்கள் போட்ட அலறலில் வேத கோஷ்டி பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. குடை பிடித்தவர் உட்பட எல்லாரும் திரும்பி ஜீப்பைப் பார்த்தார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்தக் கோவிலில் ஒரு வழக்கம். பெருமாள் திரும்பி வந்ததும் வாசலில் ஒவ்வொரு கைங்கரியத்தின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு, பெருமாள் மாலையிலிருந்து ஒரு துண்டு பூ கொடுப்பார்கள். பூ கிடைத்தவர் மறுநாளும் வர வேண்டும் என்று அர்த்தம். பல்லக்குத் தூக்குகிறவர், குடை, நாதஸ்வரம் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் "வெளிச்சம்" என்பார்கள். வாசல் இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு வரதன் இறங்க முடியாது என்பதால் யாராவது பூவைக் கொண்டுவந்து கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போவார்களாம்.

அன்றைக்குப் பூவைக் கொண்டு வந்தவர் சீனிவாசாச்சாரியார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்; புறப்பாட்டு ஒழுங்கு அவர் பொறுப்பு. பூவை மாட்டவில்லை, சீட்டில் வைத்தார்.

"வரதா, நாளைக்கும் இப்படி அலறினா வேதம் எப்படிச் சொல்றது? நடராஜனைக் கேட்டிருக்கேன். டிராக்டர் வச்சிருக்கான். நாளைக்கு ஒருநாள் பார்ப்பேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை நான் போனபோது ஜீப் தேரடியிலேயே நின்றது. லீவர் இரண்டும் அசையவில்லை. மெக்கானிக் பாஷா பாய் சைக்கிளில் வந்து, அடியில் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டார். "உள்ள பல்லு கடிச்சுக்கினு இருக்குது. பெட்டியை இறக்கித்தான் பார்க்கணும். ரெண்டு நாள் ஆவும். அதுவரிக்கும் வண்டியை அசைக்காதே, பல்லு போயிடும்" என்றார்.

"ரெண்டு நாள்னா உற்சவமே முடிஞ்சிடும் பாய்" என்றார் வரதன்.

பாஷா பாய் போன பிறகு அவர் டிரெய்லர் மேல் உட்கார்ந்துகொண்டார். "எங்கப்பா இந்தக் கோவிலுக்குத் தீவட்டி பிடிச்சாருக்கா. தாத்தாவும் அதான். கரண்டு வந்தப்புறம், ஜெனரேட்டர் இழுக்க வண்டி வேணும்னாங்க. அதுக்கோசரம்தான் இந்த வண்டியை வாங்கினேன். வெளிச்சம்னு கூப்ட்டா எங்க ஊட்டைத்தான் கூப்டுறாங்க. ஒருநாள் வுட்டா போதும், அப்பால நடராஜன் ஊட்டைக் கூப்டுவாங்க."

நான் கம்பியை இறுக்கியதால்தான் இப்படி ஆனது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "நான் மதியத்துக்குள்ள வர்றேன்" என்று, எதற்கு என்று தெரியாமலே சொல்லிவிட்டு, பட்டு வேலை என்ன ஆயிற்று என்று பார்க்க பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது; உட்கார்ந்ததும் மடியில் ஒரு கத்தரிக்காய்க் கூடையை வைத்தார்கள். கூடைக்காரம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "நேத்து பெருமாள் பின்னாடி அந்த ஜீப்பு கத்துச்சே, கேட்டியா? சாவு ஊட்ல கூட அப்டி அழமாட்டாங்கமா." "எவளோ ஒருத்தி வெளிநாட்லேந்து வந்து ரிப்பேர் பண்ணாளாம்." "அதான!" நான் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாலாஜாபாத்தில் பஸ் பஞ்சர் ஆகி, அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.

ஏழுமலை தறியில் இருந்தார். நான் போன நேரம் ஓர் இழை அறுந்தது. இரண்டு முனையையும் விரல்களுக்கு நடுவில் வைத்து முறுக்கினார். முறுக்கு அதிகமாகி இழை புழு மாதிரி சுருண்டுகொண்டது. அவர் இழுக்கவில்லை. வந்த வழியே விரலை எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று விட்டார். இழை நேராகிவிட்டது.

"இழுத்தா இன்னா ஆவும்?" என்றேன், அவர் பேச்சே எனக்கும் ஒட்டிக்கொண்டு.

"இழுத்தா இன்னும் இறுகும்மா. ஏறின முறுக்கைத் திருப்பிவுட்டாத்தான் இறங்கும்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வண்டி திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ஆனால் நாலு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் உள்ளே ஒன்றாகக் கட்டியிருக்கிறது. மண் ரோடு என்றால் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். கோவில் தெருவோ சிமெண்ட் ரோடு, அதில் சறுக்க முடியாது. வித்தியாசம் முழுவதும் முறுக்காக உள்ளே ஏறும். பல் கடித்துக்கொள்ளும், டயர் அலறும். எங்கள் தோட்டத்தில் எல்லாமே செம்மண் ரோடு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட எனக்கு இது நடந்ததில்லை. காதால் கேட்டதோடு சரி.

கம்பி தளர்ந்திருந்தவரை, பல் பாதி கடித்தபடி நின்று, முறுக்கு ஏறும்போது அவ்வப்போது தானே நழுவிக்கொண்டிருந்தது. நான் இறுக்கியதும் முழுதாகக் கடித்துக்கொண்டது. நோயாளி தும்மிக்கொண்டிருந்தால் மூக்கை அடைத்துவிட்ட வைத்தியம்.

முறுக்கு இறங்க என்ன வழி? பின்னால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தடி ரிவர்ஸ். ஏழுமலையிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். பட்டு எத்தனை முழம் ஆகியிருக்கிறது என்று கேட்கவே மறந்துபோனேன்.

தேரடிக்கு வந்தபோது மணி இரண்டு. லாட்ஜில் ட்ராக் பேண்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். "வரதா, ஸ்டார்ட் பண்ணு. நேரா பின்னால எடு. பத்தடி போதும்."

வரதன் எழுந்திருக்கவே இல்லை. "பின்னாடியா? இந்தத் தெருவுல எப்டிக்கா?"

"ஏன், பின்னால தெரு காலியாத்தானே இருக்கு?"

"உற்சவத்துல சேர்ந்த எதுவும் இங்க பின்னாடி போவாதுக்கா. பல்லக்கு, தேரு, வண்டி எல்லாம் வலமாத்தான் சுத்தும். டிரெய்லரை நிறுத்தறதுக்குக் கூட ஒரு முழுச் சுத்து சுத்தித்தான் வந்து நிறுத்துவேன்."

அப்போதுதான் மீதியும் புரிந்தது. வேறு ஊரில் யார் வண்டி ஓட்டினாலும் நாலு தடவையாவது ரிவர்ஸ் எடுப்பார்கள். முறுக்கு தன்னாலே இறங்கிவிடும். இந்த ஜீப் உற்சவம் தொடங்கியதிலிருந்து தெருவில் ஓர் அடிகூடப் பின்னால் போகவில்லை. ஏரிக்கரை மண்ணைத் தொடும்வரை முறுக்கு ஏறிக்கொண்டே போனதே தவிர இறங்கியதே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்கால் முடியும்?

"அப்போ முன்னால எடு. ஊருக்கு வெளிய மண்ணுக்குப் போயிடலாம்."

வரதன் கையை நீட்டிக் காட்டினார். ஜீப்புக்கு முன்னால் தெரு நெடுக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, மாலைக்காக மாக்கோலம் போட்டிருந்தார்கள். பெண்கள் இன்னும் குனிந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். பெருமாள் வருவதற்குள் அதன் மேல் ஜீப்பை ஏற்றச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

கூட்டம் கூடியதைப் பார்த்து சீனிவாசாச்சாரியார் வந்தார். "என்னம்மா பண்றேள்?"

கோல மாவைக் கொஞ்சம் வாங்கி, ஓரமாகத் தரையில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினேன். பெரியது முன் சக்கரம், சின்னது பின் சக்கரம். பாதி சொல்வதற்குள் அவர் குனிந்துவிட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா. "ஒரு சுத்துக்கு நாலு மூலை. ஒவ்வொரு மூலைக்கும் இந்த வித்தியாசம் சேர்ந்துண்டே போறது. சரி. இறங்கணும்னா?"

"பின்னால எடுக்கணும் சாமி."

"அது முடியாது." யோசிக்கவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதனுடைய குடும்ப மரியாதை போகப் போகிறது, பத்தடிக்கு இவ்வளவா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "வண்டி பின்னாடி போகப்படாதுன்னுதான் சொன்னேன். வேற வழியே இல்லைன்னு நான் சொல்லலையே. சக்கரம் தரையிலதானே மாட்டிண்டிருக்கு?"

என் மண்டையில் உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. "வரதா, ஜாக்கி!" என்று கத்தினேன்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். முன் அச்சுக்கு அடியில், வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கியை வைத்து வரதன் ஏற்றினார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். டயர் ஒட்டிக்கொண்டே எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. தரையை விட்ட நொடியில் 'டங்' என்று வண்டி முழுவதும் அதிர, சக்கரம் கால் சுற்று சுழன்று நின்றது. கோலம் போட்ட பெண் ஒருத்தி மாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டாள்.

சக்கரம் சுழன்றது பின்பக்கமாக. எல்லாரும் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சீனிவாசாச்சாரியாரைப் பார்த்தார்கள்.

அவர் குனிந்து டயருக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். "தரையில படலையே. அப்போ வண்டி எங்கேயும் போகலை" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்விட்டார்.

வரதன் லீவரைத் தொட்டார். இரண்டு விரலில் வந்தது.

ஆனால் அதோடு விட்டால் இன்றைக்கும் நாலு மூலை, நாளைக்கும் இதே கதை. லோ வேண்டும், முன் சக்கரம் இழுக்கக் கூடாது. அதற்கு ஒரு வழிதான்: கியர் பெட்டியிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகிற தண்டையே கழற்றிவிடுவது. லீவர் நாலு சக்கரம் என்று நினைத்துக்கொண்டு லோவுக்கு வழி விடும். முன்னால் இழுக்க ஒன்றும் இருக்காது. முன்பக்கம் நாலு நட்டு, பின்பக்கம் நாலு நட்டு. ஏழு சுலபமாக வந்தன. எட்டாவது துருப்பிடித்து என் விரல் தோலை எடுத்துக்கொண்டது. தண்டை உருவி வரதன் கையில் கொடுத்தபோது மணி ஐந்தரை. அவர் அதைக் குழந்தை மாதிரி வாங்கி சீட்டுக்கு அடியில் படுக்கவைத்தார்.

ஓட்டிப் பார்க்க வழியில்லை. முன்னால் கோலம்.

"ஓடுமாக்கா?"

"ஓடும்" என்றேன். நேற்றும் நான் இதே குரலில்தான் பேசினேன் என்பது நினைவுக்கு வந்தது.

பெருமாள் புறப்பட்டார். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நடந்தேன். முதல் முனையில் நடராஜன் டிராக்டரைக் கழுவி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார். நல்ல மனிதர், எங்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். ஜீப் திரும்பியது. எஞ்சின் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், வேறு ஒன்றும் இல்லை. வரதன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். இரண்டாவது முனை. மூன்றாவது முனையில் வேதம் சொன்னவர்கள் எல்லாரும் முன்கூட்டியே குரலைக் கொஞ்சம் இறக்கினார்கள். அலறல் வரவில்லை. குரல் மறுபடி ஏறியது. நாலாவது முனையும் திரும்பிவிட்டோம்.

கோவில் வாசலில் தெரு கொஞ்சம் இறக்கம். கனமான டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், ஹேண்ட் பிரேக் தாங்காது. முன்னால் வேத கோஷ்டி நிற்கும். வரதன் பிரேக்கை மிதித்தபடி நிறுத்தினார். கூப்பிட ஆரம்பித்தார்கள். பல்லக்கு. குடை. நாதஸ்வரம். ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து பூ வாங்கிக்கொண்டார்கள். நடராஜனும் வந்து ஓரமாக நின்றிருந்தார்.

"வெளிச்சம்!"

யாரும் ஜீப்பை நோக்கிப் பூவைக் கொண்டு வரவில்லை. வரதன் முகம் வெளுத்துப்போனது. ஓடித்தானே காட்டினோம், இன்னும் என்ன வேண்டும் இவர்களுக்கு?

சீனிவாசாச்சாரியார் பூவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "முசரவாக்கம் வரதன்! இறங்கி வா. இன்னிக்கு நீயே வந்து வாங்கிக்கோ."

இத்தனை வருஷத்தில் அந்த வாசலுக்கு வரதன் நடந்து போனதே இல்லை. பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். "அக்கா, பிரேக்கு!" என்றார்.

நான் ஏறினேன். அவர் கால் மேலேயே என் காலை வைத்து அழுத்தினேன். அவர் தன் காலை உருவிக்கொண்டு குதித்தார். டிரெய்லரின் கனம் முழுவதும் என் வலது காலுக்கு வந்தது. அவர் செருப்பில்லாமல் ஓடி, ட்யூப் லைட்டுகளுக்கு நடுவில் போய், தலையைக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டினார். அவருடைய வெளிச்சத்திலேயே அவரை எல்லாரும் பார்த்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன். காலை எடுக்கவில்லை.